ஏழுக்குக் கீழே

அந்தப் பனியன் கம்பெனியில் எனக்குச் ‘சுகர் மேடம்’ என்று பெயர். அடையாள அட்டையில் ‘ஹெல்த் கோச்’ என்று போட்டிருந்தது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நர்சிங் படித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்டில் ஆறு வருடம் நின்றவள் நான். குழந்தை பிறந்த பிறகு மாறி மாறி வரும் ஷிஃப்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் வேலையை விட்டேன். திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய கம்பெனி ஒன்றில் முதலுதவி அறைக்கு ஆள் கேட்டார்கள், சேர்ந்துகொண்டேன். இரண்டு வருடம் ஊசி ஏறிய விரலுக்குக் கட்டுப் போட்டேன், தலைவலிக்கு மாத்திரை கொடுத்தேன். அப்புறம்தான் அந்தத் திட்டம் வந்தது.

பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்களாம். எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் நாற்பதைத் தாண்டியவர்களில் சர்க்கரை இருப்பவர்கள் நிறையப் பேர் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஆறு வாரம் லேப்டாப்பில் பயிற்சி நடந்தது. நோயாளியை அதட்டக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். சின்ன முன்னேற்றத்தையும் கொண்டாட வேண்டும். வாரம் ஒரு முறை நேரிலோ போனிலோ பேச வேண்டும். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. வார்டில் இருந்தபோது நாங்கள் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை.

வெற்றியை அளப்பதற்கு ஒரே ஓர் எண்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் வரும் சராசரி. அது ஏழுக்குக் கீழே வந்துவிட்டால் திட்டத்துக்கென்று செல்போனில் போட்டிருந்த செயலியில் அந்த ஆளின் பெயர் பச்சையாக மாறும். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சராசரியோடு அன்றாடச் சர்க்கரை, எடை, ரத்த அழுத்தம் என்று மொத்தம் நான்கு கட்டங்கள் இருந்தன. நான்கையும் நிரப்பினால்தான் அடுத்த ஆளின் பக்கம் திறக்கும். அந்த நான்கு கட்டங்களில் இல்லாத எதையும் நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பட்டியலில் இருந்தவர்களில் ஓர் அக்கா செக்கிங்கில் வேலை பார்த்தார். தைத்து வரும் பனியன்களை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. நாள் முழுக்க நின்றபடி செய்ய வேண்டும். வயது நாற்பத்தெட்டு. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. புருஷன் வேறொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஒரே மகளை மதுரையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டு, சீருடைக் கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ் வரை பூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். சராசரி பதினொன்றைத் தாண்டியிருந்தது. சர்க்கரை இருப்பது ஏழெட்டு வருடமாகவே தெரியுமாம். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஞாபகம் வந்தபோது போட்டுக்கொண்டிருந்தார்.

“டீ எத்தன குடிக்கறீங்கக்கா?” என்றேன்.

“காலைல ஒண்ணு. பதினோரு மணிக்கு ஒண்ணு. நாலு மணிக்கு ஒண்ணு. ஓவர்டைம் இருந்தா ஏழு மணிக்கு இன்னொண்ணு.”

“கூட என்ன சாப்பிடுவீங்க?”

“பன்னு. இல்லைன்னா வடை. சும்மா டீய மட்டும் குடிச்சா வயித்துக்குள்ள எரியும்லா.”

“தண்ணி?”

அவர் சிரித்துவிட்டார். “தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும்லா மேடம். போவணும்னா சூப்பர்வைசர்ட்ட டோக்கன் வாங்கணும். அவரு நம்ம மூஞ்சியப் பாப்பாரு, பொறவு கடிகாரத்தப் பாப்பாரு. எதுக்கு அந்த வம்பு? நா மத்தியானம் சாப்பிடும்போது ஒரு டம்ளர் குடிப்பேன்.”

டீயையும் பன்னையும் குறித்துக்கொண்டேன். டோக்கனைக் குறிக்க இடமில்லை.

“மேடம்னு சொல்லாதீங்கக்கா. உங்களவிடப் பன்னெண்டு வயசு சின்னவ நானு.”

“அப்ப தங்கச்சி” என்றார். அன்றிலிருந்து கடைசி வரை எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் தங்கச்சி.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, எதை முதலில் மாற்றலாம் என்று அவரையே கேட்டேன். “மொதல்ல பன்ன விடுதேன். டீல சீனிய பொறவு பாப்போம். ரெண்டையும் ஒரே நாள்ல விடச் சொன்னா ஒன்கிட்ட வர மாட்டேன்” என்றார்.

சொன்னதைச் செய்தார். அந்தக் கம்பெனியில் நான் பேசியவர்களில் சொன்னதை அப்படியே செய்தவர் அவர் ஒருவர்தான். பன் போனது. இரண்டாவது மாதம் டீயில் சர்க்கரை போனது. அவித்த பயறைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்து பதினோரு மணிக்கு அதைத்தான் சாப்பிட்டார். மாத்திரையை நேரம் தவறாமல் போட்டார். அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுச் சந்தில் டெம்போவும் பைக்கும் வந்துகொண்டே இருக்கும், நடக்க முடியாது. அதனால் சாயந்திரம் மொட்டை மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அரைமணி நேரம் நடந்தார். “கீழ் வீட்டுப் பிள்ளைவ எல்லாம் மாடில யாரு ஓடுதான்னு கேக்குதுவ” என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது மாதம் ஒன்பதரைக்கு வந்தது. ஆறாவது மாதம் ஏழு புள்ளி எட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. திட்டத்தில் மற்றவர்களெல்லாம் ஓரடி ஏறி ஓரடி சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தீபாவளியோடு வருவதை நிறுத்திவிட்டார். இன்னொருவர் நடந்தேன் என்று பொய் சொன்னார். இவர் மட்டும் படி இறங்குவது போல இறங்கிக்கொண்டிருந்தார். திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலதிகாரி போனில் கூப்பிடும்போதெல்லாம் நான் முதலில் சொன்ன பெயர் இவருடையதுதான்.

ஆறாவது மாதத்துக்குப் பிறகு நடந்தவற்றை நான் பல முறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். முதலில் பசி போனது.

“சோறே எறங்க மாட்டேங்கு தங்கச்சி. மீன் கொழம்பு வாடை அடிச்சாலே கொமட்டுது. மீனுன்னா உசுர விடுதவ நா” என்றார் ஒரு வாரம்.

“நல்லதுதாங்க்கா. ஒடம்பு பழகிக்கிச்சு. கொஞ்சமாச் சாப்பிட்டாப் போதும்னு அதுவே சொல்லுது” என்றேன். இந்த வார்த்தைகள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன.

பிறகு கால் வீங்கியது. சாயந்திரம் செருப்பின் வார் பதிந்த தடம் பாதத்தில் அப்படியே நிற்கும். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கால் வீங்குவது அந்தக் கம்பெனியில் ஒரு செய்தியே இல்லை. செக்கிங்கில் பாதிப் பெண்களுக்குக் கால் வீங்கியிருந்தது. தூங்கும்போது தலையணையைக் காலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரத்த அழுத்தம் கூடியிருந்தது. அந்தக் கட்டத்தில் எண்ணைப் போட்டேன், மஞ்சள் வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் காட்டச் சொன்னேன். அவர்களும் ஒரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஒன்பதாவது மாதம் எடை மூன்று கிலோ ஏறியிருந்தது.

“என்னக்கா, திருப்பியும் பன்னு ஆரம்பிச்சாச்சா?”

“இல்ல தங்கச்சி. சோறே எறங்கலன்னு போன வாரமே சொன்னேன்லா.”

“சோறு எறங்காம எப்படிக்கா எட ஏறும்? உண்மையச் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்.”

அவர் எடை மெஷினிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றார். முகம் லேசாக உப்பியிருந்தது, கண்ணுக்குக் கீழே பை போலத் தொங்கியது. “கர்த்தர் மேல சத்தியமா நா ஒண்ணும் திங்கல” என்றார். பொய் சொல்லாத ஒரு மனுஷியைச் சத்தியம் செய்ய வைத்தேன். அந்த மூன்று கிலோவும் தண்ணீர். உடம்பிலிருந்து வெளியே போக வழியில்லாமல் தங்கிய தண்ணீர். முகமும் காலும் உப்பி, பசி போய், ரத்த அழுத்தம் கூடிய சர்க்கரை நோயாளி என்றால் என்ன என்று நர்சிங் இரண்டாம் வருடத் தேர்வில் நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். சர்க்கரை நோயாளிக்கு வருடம் ஒரு முறையாவது சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அதே தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு முன்னால் இருந்தது போன்.

அந்த வாரமே ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஆறு புள்ளி நான்கு. அவர் பெயர் பச்சையானது. எடை ஏறியதை நான் மறந்தே போனேன்.

பத்து நாள் கழித்துப் பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். கேன்டீனில் நாற்காலி போட்டு, பின்னால் பேனர் கட்டி, ஒரு மணி நேரம் தையல் லைனை நிறுத்தி எல்லோரையும் உட்கார வைத்தார்கள். மேலதிகாரி அவரை மேடைக்குக் கூப்பிட்டார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டி வந்திருந்தார். மேடைக்கு இருந்தது மூன்றே படிகள். ஏறி முடித்ததும் மூச்சு வாங்கியது. பயத்தில் வாங்குகிறது என்று நினைத்தேன். சால்வை போர்த்தினார்கள், ஒரு கோப்பை கொடுத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அவர் என்னைப் பார்த்தார்.

“இந்தத் தங்கச்சி சொன்னத அப்படியே செஞ்சேன். வேற ஒண்ணும் செய்யல” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். பவர்டேபிளில் தைக்கும் வடநாட்டுப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி முதலுதவி அறை வாசலில் மாட்டினார்கள். சால்வையோடு அவர், பக்கத்தில் நான். இருவரும் பல் தெரியச் சிரிக்கிறோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீக்குச் சற்று முன்னால், செக்கிங்கிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். “மேடம், அக்கா மேசை மேலயே சாஞ்சுட்டாங்க.”

போனபோது அவரைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். கோட்டு முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸைக் கெட்டியாகக் கரைத்து உள் கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினேன். ஐந்து நிமிடத்தில் முனகினார். கம்பெனி வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவருக்கு நினைவு திரும்பியது. மடியிலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, “லைன் நின்னுட்டா?” என்று கேட்டார். மறுபடியும் மயங்கினார்.

டாக்டர் இளைஞர், பொறுமையாகப் பேசினார். அதற்குள் புருஷனும் வேலை உடுப்போடு வந்து சேர்ந்துவிட்டார். நான் என் பையிலிருந்த அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்த எண்கள் வரிசையாக அதில் இருந்தன. இதைப் பார்த்தால் எவ்வளவு நன்றாகக் கவனித்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும் என்று அப்போதும் நினைத்தேன்.

அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, “யூரின்ல புரோட்டீன் எப்பப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

“பாக்கலீங்க சார்.”

“கிரியேட்டினின்?”

“இல்லீங்க.”

“இந்த ஒரு வருசத்துல ஒரு தடவகூடவா?”

அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டேன். கிளினிக்கில் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தார்கள். கம்பெனியில் கிளினிக் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தோம். இதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் கைப்பையில் மாத்திரை என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, அவற்றோடு பெயர் கிழிந்த ஓர் அட்டை. வலி மாத்திரை. புருஷன்தான் சொன்னார், கால் வலிக்கு மூலைக்கடை மெடிக்கலில் வாங்கி இரண்டு வருடமாகத் தினமும் போடுகிறாள், போடாமல் அவளால் நிற்க முடியாது என்று. என்னிடம் அக்கா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சர்க்கரைக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று மட்டுமே ஒவ்வொரு வாரமும் கேட்டிருக்கிறேன்.

மாலையில் பரிசோதனை முடிவெல்லாம் வந்த பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

“ரெண்டு கிட்னியும் ரொம்பவே போயிடுச்சுங்க. இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, பல வருசமா உள்ள நடந்துட்டு இருந்துருக்குது. அந்த வலி மாத்திரையும் சேந்து கெடுத்துருக்குது. கிட்னி போகப் போக, சுகருக்குப் போடற மாத்திரை வெளியேறாம ஒடம்புலயே தங்கிரும். அதனால சுகர் தானாக் கொறையும். இன்னைக்கு மயக்கம் வந்தது அதனாலதான். ரத்தமும் பாதிதான் இருக்குது. ரத்தம் இவ்வளவு கம்மியா இருந்தா அந்த மூணு மாசக் கணக்கு நெசத்தவிடக் கொறச்சலாத்தான் காட்டும். சுகர் கொறையறது எப்பவுமே நல்ல சேதி கெடையாதுங்க.”

புருஷன் என்னைக் காட்டி, “அப்ப இந்தம்மா ஒரு வருசமாப் பாத்த வைத்தியம்?” என்று கேட்டார்.

“இவங்க வைத்தியம் பாக்கலீங்க. ஆலோசனை சொன்னாங்க” என்றார் டாக்டர். அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மாதமே டயாலிசிஸ் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது. அதோடு கம்பெனி வேலை நின்றுபோனது. அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதற்காகப் புருஷன் பாதி நாள் மட்டும் வேலைக்குப் போனார்.

வருடக் கடைசியில் திட்டத்தின் அறிக்கை தயாரானது. பச்சைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மேலதிகாரியிடம் போய், அதை எடுத்துவிடச் சொன்னேன்.

“ஏனுங்க மேடம், அவங்க நெம்பரு ஆறு புள்ளி நாலு தானுங்களே?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. “ஏழுக்குக் கீழ வந்தா சக்ஸஸ்னு வெளிநாட்டுக்காரங்களே சொல்லியிருக்கறாங்க. நாம மாத்துனா மத்ததையும் கேப்பாங்கல்லங்க.”

“அவங்க டயாலிசிஸ்ல இருக்காங்க சார்.”

“தெரியுமுங்க. பாவந்தானுங்க. அது வேற, இது வேறயில்லீங்களா?”

சிறுநீர்ப் பரிசோதனைக்கும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினுக்கும் கட்டம் சேர்க்க வேண்டும், மருந்துக் கடை மாத்திரைகளைக் கேட்க ஒரு கேள்வி வேண்டும் என்று கடிதம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதற்குக் காத்திருக்காமல் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைகளை வாங்கி, என் பட்டியலில் இருந்த எல்லோரையும் நானே பார்த்தேன். அதற்கும் டோக்கன் வேண்டியிருந்தது. ஒவ்வொரு லைனாகப் போய் சூப்பர்வைசர்களிடம் நின்று, “அஞ்சு நிமிசம் உடுங்கண்ணா” என்று கேட்டுக் கூட்டி வந்தேன். மூன்று பேருக்குப் பட்டையின் நிறம் மாறியது, சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தம். அவர்களில் இரண்டு பேர் டாக்டரிடம் போனார்கள், இன்னும் மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமவர் ஒரு டெய்லர். “சுகரே நார்மலா இருக்குது, இதென்னங்க புதுசா?” என்று கேட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு மாறிப் போனார்.

வாசலில் இருந்த போட்டோவைக் கழற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். அடுத்த வாரம் வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள், போன பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை நானே ஸ்டூலில் ஏறிக் கழற்றி, கட்டுத்துணி வைக்கும் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போவேன். நான் உள்ளே நுழைந்ததும் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நிறம் கறுத்து, தோல் வறண்டு, எந்நேரமும் சொறிந்துகொண்டே இருப்பார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தார். ஒரு பாட்டிலில் அந்த அளவை ஊற்றி வைத்து, நாக்கை நனைப்பது போலக் குடிப்பார். நாலைந்து மாதம் வேறு எதை எதையோ பேசினோம். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது, மழை வந்து சந்தில் சாக்கடை ஏறியது, கோயிலில் புதுப் பாதிரியார் வந்தது. ஒரு ஞாயிறு அவர் திடீரென்று கேட்டார்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுவியா?”

“கேளுங்கக்கா.”

“நா எதுல தப்புனேன்? நீ சொன்னதுல எத விட்டேன்?”

“எதையுமே விடலீங்கக்கா. எல்லாத்தையும் செஞ்சீங்க. நான்தான் பாக்க வேண்டியதப் பாக்கல. கால் வீங்குனப்பவே, பசி போனப்பவே ஒரு யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கோணும். எனக்குப் படிச்ச படிப்புல தெரிஞ்ச விசயம் அது. சொல்லல.”

இதை அவரிடம் சொல்வதற்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் சிலுவையைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அன்னைக்கு எல்லாரும் கை தட்டுனது?”

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

“பதினொண்ணுலேந்து கொறஞ்சுதுல்லா. அதுல ஒண்ணுமே நா செஞ்சதில்லயா? எல்லாமே கிட்னி கெட்டதுனாலயா?”

“இல்லீங்கக்கா. முதல்ல கொறஞ்சது நீங்க செஞ்சதுதான். டாக்டரும் அதச் சொன்னார்.”

“எது வரைக்கும்?”

“தெரியலீங்க. யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது.”

“ஒன்பதரைக்கு வந்துதே, அது என்னுதுன்னு வச்சுக்கிடுதேன்” என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அன்று கிளம்பும் வரை திரும்பவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது வழக்கம் போல, “வா தங்கச்சி” என்றார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

டயாலிசிஸ் தொடங்கிய பதினான்காவது மாதம், ஒரு புதன்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. செய்தி கேட்டு நான் போனபோது சந்தின் முனையில் ஆம்புலன்ஸ் நின்றது. சொந்த ஊரில் அவருடைய அப்பா அம்மாவைப் புதைத்த இடத்திலேயே புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். மதுரையில் மகள் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. லைன் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். செக்கிங் மேசைத் தோழிகளில் இருவர் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள்.

வண்டியின் பின்கதவைச் சாத்தும் முன் புருஷன் என் பக்கமாக வந்தார். ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து முதன்முறையாக என்னிடம் பேசினார்.

“ஒன்னிய ஒரு வார்த்த கொற சொல்லப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. அதாம் பேசாம இருக்கேன். இல்லைன்னா பேசியிருப்பேன்.”

“பேசுங்கண்ணா” என்றேன்.

அவர் பின்கதவைச் சாத்தினார். பிறகு முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். வண்டி பின்னோக்கி வர இடமில்லாமல், ஒரு டெம்போவை நகர்த்தச் சொல்லிக் கத்திக் கத்தி, மெயின் ரோட்டைப் பிடிக்கக் கால்மணி நேரம் ஆனது. அதுவரை அங்கேயே நின்றேன்.

திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தபோது நான் அந்தக் கம்பெனியில் இல்லை. கட்டங்கள் ஆறாகிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன், அவற்றில் ஒன்று சிறுநீர்ப் பரிசோதனை என்றும் சொன்னார்கள். நல்லதுதான்.

இப்போது அவிநாசிபாளையத்தில் ஒரு சின்னக் கிளினிக்கில் வாரம் நான்கு நாள் அதே வேலை செய்கிறேன். டாக்டர் பக்கத்து அறையிலேயே இருக்கிறார். சர்க்கரையைக் கேட்பதற்கு முன்னால் பசியைக் கேட்கிறேன், காலை அழுத்திப் பார்க்கிறேன், வேறு என்ன மாத்திரை வாங்கிப் போடுகிறீர்கள் என்று கேட்கிறேன். எண் ஏறினால் எனக்குப் பதற்றம் இல்லை. இறங்கினால்தான் மறுபடி பரிசோதிக்கச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பக்கத்துக் கிராமத்தில் தோட்டம் வைத்திருக்கிறார், மகன் திருப்பூரில் கம்பெனி நடத்துகிறார். ஆறு மாதத்துக்கு முன்னால் பத்துக்கு மேல் இருந்தது, ஆறரைக்கு வந்திருந்தது. தோட்டத்து முருங்கைக்காயை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு, வாசலிலேயே சிரித்தபடி வந்தார். நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

“பசி எப்படீங்க?”

“நல்லாப் பசிக்குதுங்க.”

“கால நீட்டுங்க.” எலும்பின் மேல் விரலால் அழுத்தினேன். குழி விழவில்லை. மறுபடியும் அழுத்தினேன். “யூரின் ஒன்னு குடுத்துட்டுப் போங்க. ரத்தமும் எடுத்தரலாம். போன தடவ எடுத்ததா இருந்தாலும் பரவால்லீங்க, திருப்பி எடுக்கோணும்.”

அவர் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. “ஏனுங்க அம்மணி, கொறஞ்சா நல்லதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? ஆறு மாசம் நாக்கக் கட்டிப்போட்டு, தோட்டத்தச் சுத்திச் சுத்தி நடந்து கொறச்சுட்டு வந்துருக்கறன். நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா?”

சொல்லியிருக்க வேண்டும். “டெஸ்ட் வரட்டுமுங்க” என்றேன்.

எல்லாம் சரியாகவே இருந்தது. கிட்னிக்கு ஒன்றுமில்லை, ரத்தமும் போதுமான அளவு இருந்தது. அந்த மனிதர் தன் பிடிவாதத்தாலேயே குறைத்திருந்தார். மறுநாள் போன் செய்து, “எல்லாம் ரொம்ப நல்லா இருக்குதுங்க” என்று சொன்னேன். “செரிங்க” என்று வைத்துவிட்டார். இந்த மாதம் வர வேண்டிய நாளில் வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாம் முறை மருமகள் எடுத்தார்.

“மாமா இனி அங்க வரலீங்களாமா. நல்லா ஆயிருச்சு, போதும்ங்கறாருங்க. போனா பயமுறுத்தறாங்கன்னு சொல்றாரு.”

மாத்திரையை அவராக நிறுத்த வேண்டாம், நடையை விட வேண்டாம், மூன்று மாதம் கழித்து எங்கேயாவது ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். மருமகள் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு மெதுவாக, “எங்க அம்மாளுக்குக் காலு வீங்குதுங்க. சுகரும் இருக்குதுங்க. கூட்டிட்டு வரலாமுங்களா?” என்று கேட்டார்.

நாளைக்கே கூட்டி வரச் சொன்னேன்.